ஒன்பது டன் வீட்டுக்கு ஒரு பழைய பிக்கப்

கீழமுனையில் வீடுகள் நாளொன்றுக்கு நான்கடி கடலை நோக்கி நகரும். சனிக்கிழமைதோறும் அவற்றைச் சங்கிலி போட்டு இழுத்துப் பழைய இடத்தில் விட வேண்டும். இதற்காகவே ஊரில் வீட்டுக்கு ஒரு பிக்கப் வண்டி உண்டு. சனிக்கிழமை வீட்டை இழுக்கும். மற்ற நாட்களில் அதிலேயே வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் போய் வருவார்கள்.

டெல்பின் வீட்டு வண்டி ஐப்பசி மழையில் நின்றுபோனது. மாமனார் காலத்து வண்டி. மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்தார், மூடினார், வண்டிக்குப் பக்கத்தில் சற்று நேரம் கைகட்டி நின்றுவிட்டுப் போய்விட்டார். இரண்டு சனிக்கிழமைகள் தவறின. பக்கத்து வீட்டு வண்டியைக் கேட்கலாம் என்றால், தன் வீட்டை இழுத்துக்கொண்டிருக்கும் வண்டி இன்னொரு வீட்டைத் திரும்பியும் பார்க்காது. மூன்றாவது வாரத் திங்கட்கிழமை அவள் அடுக்களைக் கதவைத் திறந்து டேப்பை நீட்டி அளந்தபோது, பின்படிக்கும் அலை வந்து தொடும் கோட்டுக்கும் நடுவே முப்பத்தோரடி இருந்தது. சனிக்கிழமைக்குள் அது பதினோரடியாகிவிடும். அதையும் தவறவிட்டால் அதற்கடுத்த சனிக்கிழமைக்கு இழுக்க வீடு இருக்காது.

ஒரு சங்கடம் என்னவென்றால், ஆளில்லாத வீட்டை இழுக்க முடியாது. உள்ளே யாரும் இல்லையென்றால் வீடு வெறும் செங்கலாகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும். உள்ளே இருப்பவர் அந்த வீட்டாளாக இருக்க வேண்டும், ஓட்டுகிறவரும் அந்த வீட்டாளாக இருக்க வேண்டும். சென்ற தவக்காலம் வரை மாமனார் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். இப்போது அவர் இல்லை. கணவன் ரெமிஜியுஸ் கப்பலில் சமையல்காரன், வண்டி நின்ற வாரம்தான் விடுப்பு முடிந்து ஏறினான், அடுத்த வருஷம்தான் இறங்குவான். மிச்சம் இருப்பது அவளும் பத்து மாதப் பிள்ளை இனிகோவும். இனிகோவுக்கு ஓட்டத் தெரியாது. எனவே உள்ளே இருக்கப் போவது அவன்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் ஐஸ் பிளாண்ட் ஆபீசில் விடுப்பு சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முத்துமாலை அண்ணாச்சியின் வண்டிப்பேட்டைக்குப் போனாள். கோடு போட்ட நோட்டு ஒன்றும் எடுத்துப் போயிருந்தாள். இடதுபக்கம் ஓரம் விட்டு, தேதி எழுதி, "இழுவை", "தினப்படி ஓட்டம்" என்று இரண்டு தலைப்புப் போட்டு அடிக்கோடும் இட்டிருந்தாள்.

பேட்டையில் எல்லாமே பழைய வண்டிகள். புது வண்டிக்கு வீடு அசையாது. ஏற்கெனவே ஒரு வீட்டை இழுத்த வண்டியின் பின்னால்தான் அது நம்பி வரும். தன் வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட வண்டிதான் பேட்டைக்கு வரும். அதனால் கீழமுனையில் யாரும் வண்டியை ஏன் விற்கிறார்கள் என்று கேட்பதில்லை. எதுவரைக்கும் இழுத்தது என்றுதான் கேட்பார்கள்.

"வீடு எத்தனை டன் தாயி?" என்றார் அண்ணாச்சி.

"எட்டரைன்னு சர்டிபிகேட்ல இருக்கு அண்ணாச்சி."

"அது புள்ள பொறக்கதுக்கு முந்தி எடுத்த சர்டிபிகேட்டு. ராத்திரி தூங்குதியளா?"

"இல்லை."

"அப்ப ஒம்பதுன்னு வச்சுக்கிடுங்க. முழிச்சிருக்கவங்க வீடு கனம் கூடத்தான் செய்யும்."

முதலில் ஒரு வெள்ளை வண்டியைக் காட்டினார். ஏசி இருந்தது. கதவு பஞ்சு போல மூடியது. அவள் கடற்கரைச் சாலைவரை ஓட்டிப் பார்த்தாள், இனிகோ சாலை திரும்புவதற்குள் தூங்கிவிட்டான். ஆனால் மணலில் இறங்கியதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தது.

"பின்னால நாலு மூட்டை உப்பைப் போட்டா பிடிச்சிக்கிடும்" என்றார் அண்ணாச்சி.

"எதுவரைக்கும் இழுத்துச்சு?"

"கடலுக்கு ஏழடி இருக்கும்போது சக்கரம் சுத்த ஆரம்பிச்சிருக்கு. கடைசிவரைக்கும் சுத்தியிருக்கு. பாவம், குறை சொல்ல முடியாது."

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்தது நீல வண்டி. இழுவைக்கு அதைப் போல வேறொன்று இல்லை என்றார். மணலில் ஆழமாகக் கால் ஊன்றி நின்றது. ஆனால் அதன் பழைய சொந்தக்காரர் வீட்டைப் பார்த்துக்கொண்டே இழுக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் ரிவர்சிலேயே இழுத்திருந்தார். அதற்கு இப்போது முன்னால் போகும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"ஆபீசுக்கு எப்படிப் போறது?" என்று கேட்டாள்.

"பொறத்தாலதான். எங்க மச்சினன் நாலு வருஷம் அப்படித்தான் போனான். போன எடத்துலருந்து கெளம்பிப் போறான்னு எல்லாரும் நெனைச்சிக்கிட்டாவ, ஒருத்தரும் ஒரு வேலையும் சொல்லல. கழுத்து மட்டும் கொஞ்சம் வலிக்கும்."

பேட்டையின் மூலையில் ஒரு சாம்பல் நிற வண்டி நின்றது. அண்ணாச்சி அதைத் தாண்டிப் போனார். டெல்பின் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இது எத்தனை டன்?"

"பதினாறு. ஆனா அத விடுங்க. ஒங்களுக்கு ஒம்பது. பத்து இழுக்கிற வண்டி போதும். மிச்சம் ஆறு, ஏழு டன் இழுவைய எங்க கொண்டு வைப்பிய? அது சும்மா கெடக்காது."

"மிச்சம் இருக்கட்டும் அண்ணாச்சி."

"புள்ளக்காரங்க எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ."

"எதுவரைக்கும் இழுத்துச்சு?"

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "தலைவாசல்படி நனையிற வரைக்கும். அப்புறம் கொக்கி கழண்டுட்டு. வண்டிக்கு ஒண்ணும் ஆகல."

"உள்ளே யார் இருந்தா?"

"ரெண்டாங்கிளாஸ் படிக்கிற புள்ள."

டெல்பின் இனிகோவை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். "தினப்படி ஓட்டுறதுக்கு எப்படி?"

"நல்ல வண்டி. ஒரே ஒரு பழக்கம். நாலு மணிக்கு நீங்க எங்க திருப்பினாலும் பள்ளிக்கூடத்து வாசல்ல போய் நிக்கும். பத்து நிமிசம் கேட்டைப் பாத்துக்கிட்டு நிக்கும். அப்புறம் பின்னால ஸ்பிரிங் லேசா எறங்கும். கெளம்பிரும்."

"எவ்வளவு இறங்கும்?"

"ஒரு இருவது கிலோ."

மணி மூன்றரை ஆகியிருந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் சாவியை வாங்கினாள். நான்கு மணிக்கு ஸ்டியரிங் அவள் கையிலிருந்து தானாக விலகித் திரும்பியது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வந்தார்கள், ஆட்டோக்களில் ஏறினார்கள், வாட்ச்மேன் கேட்டில் பாதியைச் சாத்தினார். பிறகு வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. அவள் கிளட்சை வழக்கத்தைவிட மெதுவாக விட்டாள். வழியில் வேகத்தடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றி இறக்கினாள். கடற்கரையில், வீடே இல்லாத ஒரு வெறும் மணலருகே வண்டி நின்றது, பின்பக்கம் உயர்ந்தது. பிறகு பேட்டைக்குத் திரும்பி, இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். ஒரு தடவை விட்டுவிட்ட வண்டி இன்னொரு தடவை விடாது என்று அவளுக்குத் தோன்றியது. நோட்டில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதினாள்.

வியாழக்கிழமை ரெமிஜியுஸ் கப்பலிலிருந்து கூப்பிட்டான்.

"ஏசி இருக்கா? பிள்ளைக்கு வேர்க்குரு வரும்."

"இல்லை."

"மைலேஜ்?"

"ஒன்பது."

"ஒன்பதா? கப்பலே அதைவிடக் கம்மியாக் குடிக்கும். நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டா?"

"உண்டு. பதினாறு டன்."

அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. "பயந்து வாங்கியிருக்கே" என்றான்.

"ஆமாம்" என்றாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் நடு அறையில் மெத்தையைத் தரையில் விரித்து, சுற்றிலும் தலையணைகளை அடுக்கி, நடுவில் இனிகோவை உட்கார வைத்தாள். கையில் ஒரு மரக்கரண்டியைக் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போடவில்லை. வீட்டின் அடியிலிருக்கும் இரும்பு வளையத்தில் சங்கிலியை மாட்டினாள். கொக்கியை ஆட்டிப் பார்த்தாள். மறுபடியும் இறங்கிப் போய் ஆட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை இறங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை இழுத்து முடித்துவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரத்துக்கு எண்பத்து நான்கடி. பாதியில் நிறுத்தினால் வீடு அங்கேயே உட்கார்ந்துவிடும், எழுப்ப முடியாது. ஓட்டத் தொடங்கினால் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் முதல் கியரைப் போட்டாள். சங்கிலி நிமிர்ந்தது. வீடு ஒரு முறை முனகிவிட்டு வரத் தொடங்கியது.

பத்தாவது அடியில் இனிகோ அழுதான். அழுகை அவளுக்கு நன்றாகக் கேட்டது. அது கேட்கும்வரை பரவாயில்லை என்று எண்ணிக்கொண்டே அடிகளைக் கணக்கிட்டாள். முப்பதாவது அடியில் அழுகை நின்றது.

அவள் கால் பிரேக்கின் மேல் போனது, திரும்பி வந்தது. கண்ணாடியில் வீட்டின் முகப்பு மட்டும் தெரிந்தது, சாத்திய கதவும் ஒரு ஜன்னலும். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று எண்ணினாள். நாற்பதில் எண்ணிக்கை தவறி மறுபடியும் முப்பத்தெட்டிலிருந்து எண்ணினாள். ஐம்பத்து நான்கடி தூரம் சத்தமே இல்லாத ஒரு வீட்டை அவள் இழுத்து வந்தாள். வண்டி ஒரு முறைகூட வழுக்கவில்லை. எண்பத்து நான்கு வந்ததும் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, கதவை மூடாமல் ஓடினாள்.

இனிகோ மெத்தையில் உட்கார்ந்து கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். தலைமுடி ஈரமாக இருந்தது. வகிடெடுத்து ஒரு பக்கமாகப் படிய வாரியிருந்தது. அடுக்களைக் கதவு திறந்து கிடந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். பின்படியிலிருந்து பதினோரடியில் கடல் இருந்தது. இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் பின்னால் வெறும் மணல்தான். இவள் வீட்டின் அகலத்துக்கு மட்டும், பாயை இழுத்து வந்தது போல, தண்ணீர் நேராக வந்து நின்று சின்னச் சத்தத்தில் உஸ் உஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் அண்ணாச்சிக்குப் போன் செய்தாள். "கடலும் சேர்ந்து வந்திருக்கு அண்ணாச்சி."

"எம்புட்டு?"

"வீட்டு அகலம்."

"ஏழு டன் இருக்கும்" என்றார். "மிச்சத்துக்குச் சரியாப் போச்சு. அத மட்டும் திருப்பித் தள்ளுததுக்கு எங்கிட்ட வண்டி இல்ல தாயி. புள்ள நல்லாருக்கான்ல?"

"இருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை ஏழடி. திங்கட்கிழமை மூன்றடி. அவள் பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை, ஒற்றைக் கையால் சமைத்தாள், ஒற்றைக் கையால் துவைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை பஞ்சாயத்து எழுத்தரம்மா வந்தபோது கடல் அடுக்களைக்குள் வந்திருந்தது. எழுத்தரம்மா செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து குடும்ப அட்டைப் படிவத்தை விரித்தாள்.

"வீட்டுல புதுசா யாரும் சேர்ந்திருக்காங்களா?"

டெல்பின் அடுக்களைப் பக்கம் பார்த்தாள். எழுத்தரம்மாவும் கண்ணாடியைச் சற்று உயர்த்திப் பார்த்துவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினாள்.

"வயசு?"

"தெரியலை."

அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். "என்ன உறவு? கணவர், பிள்ளை, பெற்றோர், இதர. இதரன்னா என்னன்னு எழுதணும்."

டெல்பின் இனிகோவின் தலையைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டாள். "பிள்ளையைப் பார்த்துக்கிட வந்தவங்கன்னு போடுங்க."

"முழு நேரமா, பகல் மட்டுமா?"

"பகல் மட்டும்" என்றாள் டெல்பின். "பகல் மட்டும்னு தெளிவாப் போடுங்க."

எழுத்தரம்மா தெளிவாகவே போட்டாள். மை காயட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அடுக்களையில் பால்புட்டி கழுவும் சத்தம் கேட்டது.