பன்னிரண்டாவது பச்சைச் சேலை

டிஜே என்றால் கறுப்பு உடைதான். மைசூரில் கல்யாணம், பிறந்தநாள் என்று ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அலைகிற அத்தனை பேரும் அப்படித்தான். மேசைக்கு அடியில் ஒயரோடு ஒயராகப் புரண்டு எழுந்தாலும் அழுக்குத் தெரியாது. நிம்மியிடமும் ஒரு கறுப்பு டி-ஷர்ட் இருந்தது, முதுகில் ‘டிஜே நிம்மி’ என்று வெள்ளி எழுத்தோடு. அதைப் பார்த்ததும் மணப்பெண்ணின் அம்மா சொர்ணலதாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“சுபகாரியத்துல கறுப்பாம்மா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?” என்று சொல்லி, ஒரு பையை நீட்டினார். பெண் வீட்டு இளசுகள் எல்லாம் ஒரே மாதிரி கட்டிக்கொள்வதற்கென்று மொத்தமாக எடுத்த பச்சைச் சேலையில் ஒன்று. பன்னிரண்டு எடுத்தார்களாம். ஒருத்திக்குப் பரீட்சை, வரவில்லை. மிஞ்சிய சேலை டிஜே தலையில் விழுந்தது.

வேண்டாம் என்று சொல்ல நிம்மிக்கு வாய் வரவில்லை. காரணம் உமேஷ். அந்த மண்டபத்துக்கு மேனேஜர். மண்டபத்தின் வாடிக்கை டிஜே பெங்களூருக்குப் போய்விட்டதால், “ஒரு தடவை இந்தப் பொண்ணைப் போட்டுப் பார்ப்போம்” என்று முதலாளியிடம் சொல்லி வைத்தவர் அவர்தான். அந்த ஒரு தடவை இன்றைக்கு. நல்லபடியாக முடிந்தால் சீசன் முழுக்க இந்த மண்டபம் நிம்மிக்கு. சொதப்பினால், பழையபடி பிறந்தநாள் வீடுகளில் பலூன்களுக்கு நடுவே நிற்க வேண்டியதுதான்.

நர்ஸ் வேலை பார்க்கும் அம்மா ஜெசிந்தா, ஊசி போடுகிற நிதானத்தோடு பதினோரு பின்னைக் குத்திச் சேலை கட்டிவிட்டாள். “இனி குனி, நிமிரு, ஒண்ணும் ஆகாது. பயப்படாதே.” பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் நிம்மிக்கு அதிகமாகப் பயம் வரும். யாருக்கும் தெரியாமல் உள்ளே ட்ராக் பேன்டும் கீழே ஷூவும் போட்டுக்கொண்டாள்.

மாலை ஏழு மணி, வரவேற்பு. மேடைக்குப் பக்கத்தில் அவளுடைய மேசை. வாசல் எதிர்க்கோடியில். சொர்ணலதா மூன்றாவது முறையாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “வைஷாலி வலது காலை உள்ள வைக்கறப்ப அந்தப் பாட்டு ஆரம்பிக்கணும்மா. முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம். ஒரே பொண்ணு எனக்கு.”

“நான் பாத்துக்கறேன் ஆன்ட்டி” என்றாள் நிம்மி.

கார் வந்துவிட்டதா என்று பார்ப்பது டிஜேக்களின் வழக்கம்தான். சும்மா ஓடட்டும் என்று ஒரு துள்ளல் பாட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். கார் வந்திருந்தது. வைஷாலியும் மாப்பிள்ளையும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சரி, திரும்பலாம் என்று காலெடுத்தபோது ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்தது.

“அம்மிணி, எங்க ஓடற? ஆரத்திக்கு ஒரு ஆளு கொறையுது. இந்தா, புடி.”

கொள்ளேகாலிலிருந்து வந்திருந்த, வைஷாலியின் பெரியத்தை நாச்சம்மாள். பச்சைச் சேலையைப் பார்த்தார், நம் வீட்டுப் பெண் என்று முடிவு கட்டிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

“இல்லைங்க, நான் டிஜே” என்றாள் நிம்மி.

“ஆமாங்கண்ணு, லேட்டுத்தான். வெரசலா புடி.”

அவள் போட்டுவிட்டு வந்த பாட்டே அவள் வாயை அடைத்தது. கத்தினாலும் கேட்காத சத்தம். அதற்குள் கையில் தட்டு வந்துவிட்டது. சிவப்புத் தண்ணீர், வெற்றிலை, அதன்மேல் எரிகிற சூடம். தட்டைக் கீழே போட முடியுமா? மணப்பெண் காலடியில் ஆரத்தியைக் கொட்டினால் அந்த அபசகுனத்துக்கு யார் பதில் சொல்வது? மேசையில் இருக்கும் பாட்டை ஃபோனிலிருந்தே போடலாம்தான். ஆனால் ஃபோனும் மேசையில் கிடந்தது. ஜீன்ஸ் என்றால் பாக்கெட்டில் இருந்திருக்கும். சேலையில் ஏது பாக்கெட்? உள்ளே இருக்கும் ட்ராக் பேன்ட் பாக்கெட்டுக்குக் கை எட்டாது.

முதல் ஆரத்தி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. அடுத்தது அவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், ஆயுளில் ஆரத்தி எடுத்ததில்லை. முன்னால் நின்றவள் சுற்றிய பக்கமே தானும் சுற்றினாள். அப்போது தோளுக்குமேல் அந்தக் குரல் கேட்டது.

“டிஜே எல்லி? டிஜே எல்லி?”

உமேஷ். பதற்றம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். எதிர்க்கோடியில் ஆளில்லாத மேசையைப் பார்த்துவிட்டு, டிஜே எங்கே எங்கே என்று கேட்டபடி ஓடி வந்தார். ஒரு பச்சைச் சேலையைப் பார்த்தார், அவள் இல்லை. இன்னொரு பச்சைச் சேலையைப் பார்த்தார், அவளும் இல்லை. நிம்மியின் முகத்தையே ஒரு கணம் நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

நிம்மிக்கு அழுகை முட்டியது. இத்தனை நாள் பெண்ணால் முடியாது என்று சொன்னவர்களிடம் சண்டை போட்டாயிற்று. இப்போது, இங்கேதான் இருக்கிறேன் என்றே நிரூபிக்க முடியவில்லை.

“அம்மிணி, அதைக் கொண்டுபோய்த் தெருவுல ஊத்திட்டு வந்துரு” என்றார் நாச்சம்மாள்.

தெருவிலா! தெரு இன்னும் அந்தப் பக்கம். வைஷாலி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். சொர்ணலதா மேடைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ஆசை மெல்லக் கலவரமாக மாறியது. அதைப் பார்த்ததும் நிம்மிக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, சூடத்தை ஊதி அணைத்து, பக்கத்தில் திகைத்து நின்ற உமேஷின் கையில் தட்டைத் திணித்தாள்.

“சார், இதைப் பிடிங்க.”

“நீனா!” என்றார் உமேஷ், நீயா என்பதையும் கன்னடத்திலேயே.

பதில் சொல்ல நேரமில்லை. சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, மணமக்களுக்காக விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின் நடுவிலேயே ஓடினாள். பச்சைச் சேலை, நீல ட்ராக் பேன்ட், வெள்ளை ஷூ. முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். அம்மா குத்திய பின் ஒன்று இடுப்பில் ஏறியது. மேசையை அடைந்து நிமிர்ந்தபோது, வைஷாலி வலது காலைத் தூக்கிவிட்டிருந்தாள். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நிம்மி நினைத்தாள்.

ஆனால் கால் இறங்கவில்லை. டிஜே ஓடியதை அந்தப் பெண் பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளையின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, தூக்கிய காலோடு, சிரிப்பை அடக்கியபடி காத்திருந்தாள். நிம்மி பட்டனை அழுத்தினாள். பாட்டு எழுந்தது. வைஷாலியின் கால் தரையில் பட்டது. சொர்ணலதா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிம்மிக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் முழுதாக வந்ததா என்பது உமேஷ் சொல்லப்போவதில்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்து அவர் மேசைக்கு வந்தார். வெள்ளைச் சட்டைக் கையில் சிவப்பாக ஆரத்திக் கறை.

“அய்யோ தேவரே, என் ப்ராணம் போச்சு” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். பிறகு, கறையைத் தேய்த்தபடியே, “அடுத்த சண்டே ஒரு ரிசப்ஷன் இருக்கு. பாட்டு நல்லா போடற, வந்துடு. அதுவும் ஃபேமிலி பார்ட்டி, அவங்களும் சேலைதான் கேட்பாங்க.”

சரி சார் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. ஒரு சேலைக்காக சீசனையே விடுவாளா ஒருத்தி? ஆனால் வாயிலிருந்து வேறு வந்தது.

“சேலை வேண்டாம் சார். கறுப்பு ஆகாதுன்னா நீலம் போட்டுக்கறேன். ஆனா டி-ஷர்ட்தான். முதுகுல பேர் இருக்கும்.”

உமேஷ் கூட்டத்தைப் பார்த்தார். மேடைக்குக் கீழே பதினோரு பச்சைச் சேலைகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தன் சட்டைக் கறையை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

“எழுத்துப் பெரிசா இருக்கட்டும்” என்றார். “வாசல்ல இருந்து பார்த்தா எனக்குத் தெரியணும்.”