தூங்காத பூனையின் ரத்தம்

அக்கா கடைசியாக என்னிடம் கேட்டது சீப்பு. தன்னுடையது எங்கே போய்த் தொலைந்ததோ என்றாள். என்னுடையதை வாங்கிப் பார்த்துவிட்டு, "உன் தலையில இருக்கறதைவிட இதுல முடி அதிகமா இருக்கே" என்றாள்.

"பிடிக்கலைன்னா விரலால வாரிக்கோ."

விரலாலேயே வாரிக்கொண்டாள். நான் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். வலித்திருக்காது என்றார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பொறுமைசாலி என்றார்கள். ஒரே வீட்டில் அவளோடு குப்பை கொட்டியவள் நான். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டாள் அவள். அவளிடம் இருந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாபின் என்ற பூனைக்கு நடந்ததைச் சொன்னால் புரியும்.

நாங்கள் இருவரும் ஒரே கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்தோம். அவள் உள்ளே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். நான் வாசலில், வருகிறவர்களைப் பதிந்து உட்காரவைக்கும் மேசையில். ஒருநாள் ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. அதுவரை அக்கா மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, கட்டைவிரலால் கவுண்டரை டிக் டிக் என்று தட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். நாய்க்கு அந்த மெஷின் சரி என்று முன்பே தெரியும். பூனைக்குச் சரிவருமா என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பை அக்காவிடம் கொடுத்தார்கள்.

"பூனைக்கு மட்டும் என்ன தனிப் பரீட்சை? ரத்தம் ரத்தம்தானே?" என்று கேட்டேன்.

"மெஷின் அளவை வெச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். பெரிசா இருந்தா சிவப்பணு, பொடிசா இருந்தா பிளேட்லெட். பூனைக்குச் சிவப்பணு சின்னது, பிளேட்லெட் குண்டு. அப்பா யாரு பிள்ளை யாருன்னு அது குழம்பிடும்."

"குழம்பினா குடியா முழுகிடும்?"

"பிளேட்லெட்தான்டி ரத்தத்தை உறைய வைக்குது. அது கம்மின்னு மெஷின் சொன்னா, எந்த டாக்டரும் கத்தி வைக்க மாட்டார்."

மெஷினின் எண்ணை முதலில் பார்த்துவிட்டால் கண் அதற்கு ஒத்து ஊத ஆரம்பித்துவிடும் என்பது அவள் கட்சி. அதனால் தான் எண்ணி முடிக்கும்வரை அதன் திரைமேல் ஒரு துணியைப் போட்டு வைப்பாள். "என்ன, குளிருதா அதுக்கு?" என்று நான் கேலி செய்வேன். எண்ணி முடித்ததும் துணியை எடுப்பாள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகும். ஒவ்வொரு பூனைக்கும் ஒத்துப்போனது. கடைசியில் எல்லா மருத்துவர்களையும் வைத்துக்கொண்டு, பூனைக்கும் மெஷின் சரி என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் தையல்காரர் ஒருவர் தன் பூனையைக் கோட்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அதுதான் பாபின். நூலை விழுங்கிவிட்டது. நூலின் நுனி நாக்குக்கு அடியில் மாட்டியிருக்க, மிச்சம் குடலுக்குள் போயிருந்தது.

"ரீலை மேசையிலயே விட்டுட்டேம்மா," என்றார் என்னிடம். "வீட்டுல நான் பேசறதுக்குக் காது குடுக்கறது இது ஒண்ணுதான்."

குடல் அசைய அசைய நூல் அதை அறுக்கும். உடனே அறுவை செய்தாக வேண்டும். முதலில் ரத்தம் எடுக்கப் போனார்கள். இரண்டு பேர் பிடித்தும் பாபின் அடங்கவில்லை. நர்ஸின் முழங்கையைப் பிறாண்டி, ஊசியைத் தட்டிவிட்டு ஒரே ரகளை. சொட்டுச் சொட்டாகத்தான் ரத்தம் வந்தது. மெஷினில் வைத்தார்கள். பிளேட்லெட் அடிமட்டத்தில் இருந்தது.

"இதுல கத்தி வெச்சா மேசையிலயே போயிடும்," என்றார் அறுவை மருத்துவர்.

தையல்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்க நான் உள்ளே போனேன். அக்கா அந்த ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, சாயம் ஏற்றி, அதன் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலையைப் பிடித்து மைக்ரோஸ்கோப்பின் பக்கம் தள்ளினாள். ஊதா நிறத்தில் பொடிப்பொடியாக, பெருக்கி மூலையில் ஒதுக்கிய தூசிபோல, திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. ரத்தம் மெதுவா வந்தா பூனைக்கு இப்படி ஆகும். கும்பலை மெஷினுக்கு எண்ணத் தெரியலை," என்றாள். பிறகு அவள் முகம் மாறியது. "இத்தனை நாள் ஏன் இது என் கண்ணுல படலை? நான் சோதிச்சதெல்லாம் எந்தப் பூனைங்கடி?"

"கருத்தடைக்கு வந்ததுங்க. நான்தானே உள்ள அனுப்பினேன்."

"எல்லாம் மயக்கத்துல கிடந்தது. ஒரே இழுப்புல ரத்தம் வந்துச்சு. முழிச்சிருந்த பூனை ஒண்ணைக்கூட நான் சோதிக்கலை."

இரண்டாவதாகச் சொன்னதை, தன் சோதனையில் இருந்த ஓட்டையை, அவள் என்னோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவள் நேராக அறுவை மருத்துவரிடம் போய் இரண்டையும் சொன்னாள்.

"போன வாரம்தானே மெஷின் சரின்னீங்க?" என்றார் அவர்.

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

தொண்டையைச் செருமிக்கொள்ளவில்லை, தரையைப் பார்க்கவில்லை. மணி என்ன என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.

"சரி, இப்ப பிளேட்லெட் போதும்னு எதை நம்பி நான் கத்தி எடுக்கறது?"

"என்னை நம்ப வேண்டாம். மயக்கம் குடுங்க. தூங்கினதும் பெரிய நரம்புல ஒரே இழுப்பா எடுத்துத் தாங்க. அதையும் எண்ணிச் சொல்றேன். நிஜமாவே கம்மியா இருந்தா எழுப்பிடலாம்."

அவர் யோசித்தார். வெளியே பெஞ்சில் தையல்காரர் காலிக் கோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "கொண்டு வாங்க பூனையை," என்றார் மருத்துவர்.

புது ரத்தம் வந்தது. அந்த அவசரத்திலும் அக்கா துணியை எடுத்துத் திரைமேல் போட்டாள். மருத்துவர் கையுறையோடு கதவருகே நின்று பல்லைக் கடித்தார். பால் பொங்கும்வரை நிற்காதவள் ஓரம் ஓரமாக ஸ்லைடை நகர்த்தி எண்ணினாள். கவுண்டர் டிக் டிக் என்றது. தன் எண்ணைச் சொன்னாள். பிறகு துணியை விலக்கினாள். மெஷினும் ஏறக்குறைய அதையே சொன்னது. ஆரோக்கியமான பூனையின் எண் அது.

"வெட்டுங்க," என்றாள்.

வெளியே எடுத்த நூலைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்த மருத்துவர், "இதுல ஒரு சட்டையே தைச்சிருக்கலாம்" என்றார் தையல்காரரிடம். அவர் சிரித்தாரா அழுதாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அக்கா மறுநாளே சோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். இம்முறை விழித்திருக்கும் பூனைகள். கடிப்பவை, சீறுபவை, மேசைக்கு அடியில் ஓடி ஒளிபவை. அவள் முன்னங்கையெல்லாம் கீறலாகிவிட்டது. மெஷின் கம்பெனிக்காரர் வந்து, "மேடம், எங்க மெஷின் தப்பே பண்ணாது" என்றார்.

"அது மேல தப்பு இல்லைங்க. தூங்கற பூனையை மட்டும் காட்டி அதுக்கு மார்க் போட்டது நான். இப்பத்தான் பூனையைக் காட்டறேன்."

முடிவில் அவள் மெஷினை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மற்ற அணுக்களை அது தன்னைவிட நன்றாக எண்ணுகிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். பூனைக்குப் பிளேட்லெட் கம்மி என்று அது சொன்னால் மட்டும், வாசலில் காத்திருக்கும் பூனைக்காரருக்குச் சொல்லும் முன் ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது.

அக்கா போன பிறகு, போன மாதம், தையல்காரர் பாபினைப் பல் பிடுங்கக் கொண்டுவந்தார். கிழடு தட்டிவிட்டது, ஆனாலும் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மெஷின் பிளேட்லெட் கம்மி என்றது. அக்காவின் இடத்துக்கு வந்திருக்கும் பெண் எழுந்துபோய் ஸ்லைடைப் பார்த்தாள். "வாங்க, பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டாள். பார்த்தேன். ஓரத்தில், ஊதா நிறத்தில், திட்டுத்திட்டாக, வேண்டிய மட்டும் இருந்தன.