புற்றுக்குள் நைட் ஷிஃப்ட்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாயிற்று. அணைத்தது சத்தியத்துக்காகத்தான்; வீட்டுப் புகை அலாரம் கத்தியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுகர் லேண்ட் என்ற ஊரில் இருக்கும் கிட்டுசாமி கட்டட என்ஜினியர். அவர் மனைவி வசந்தாமணிக்கு மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர் முகாமில் நர்ஸ் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். முகாமில் எல்லோருக்கும் தகரப் பெட்டி வீடுதான். அந்த வெயிலில் ஓணான்கூட ஒரு காலை ஊதி ஆற வைத்துவிட்டுத்தான் அடுத்த காலை ஊன்றும். மத்தியானமானால் ஏசி மயங்கி விழும். வசந்தாமணி அதற்கும் நாடி பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

"இந்த டப்பாவுல இன்னொரு சம்மர்னா என்னால ஆவாதுங்க," என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "பொட்டுத் தூக்கமில்ல. ஊசி போடறப்ப கை நடுங்குது. வேலைய விட்டர்றேன்."

அவள் எதையும் லேசில் விடுகிறவள் அல்ல. கல்யாணத்துக்கு முன்னால் கிட்டுசாமியையே விட்டுவிடச் சொல்லி வீட்டில் எல்லோரும் கெஞ்சியபோதும் விடாதவள். கிட்டுசாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முகாமுக்குப் பின்னால் ஆள் உயரக் கறையான் புற்று ஒன்று இருந்தது. கிட்டுசாமி காரில் போய் அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அடியில் சின்னச் சின்னத் துளைகள், உச்சியில் அகன்ற வாய். சூடான காற்று உச்சி வழியே வெளியேறும்; அந்த இடத்தை நிரப்ப, மண்ணுக்கடியில் குளிர்ந்து கிடக்கும் காற்று மேலே வரும். ஒரு துளையில் மூக்கை வைத்துப் பார்த்தவருக்கு ஜலதோஷமே பிடித்துக்கொண்டது. அதே கணக்கில், கனத்த மண்சுவர் வைத்து, நர்ஸும் நைட் ஷிஃப்ட் ஆட்களும் பகலில் படுக்க ஒரு பெரிய புற்றைக் கட்டினார்.

முகாம் மேனேஜர் பத்ரி, டெக்சாஸிலேயே ஃபிரிஸ்கோ என்ற ஊர்க்காரர், நல்ல பிள்ளை. கம்பெனி சொன்னதைச் சொன்னார். ஆகஸ்ட் முதல் வெள்ளி மத்தியானம் தெர்மாமீட்டரோடு வருவாராம். ஏசி இல்லாமல் உள்ளே தூங்க முடிந்தால் முகாம் முழுக்க இதே வீடு. இல்லையென்றால் புல்டோசர், எல்லோரும் பழையபடி தகரத்துக்குள்.

பத்ரி செய்த ஒரே தப்பு, புற்றின் போட்டோவை ஃபிரிஸ்கோ கோயில் வாட்ஸாப் குழுவில் போட்டது.

அந்த வெள்ளி, ஆடி வெள்ளி. பத்ரி உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில், அந்தக் குழுவின் ராஜலக்ஷ்மி ஆன்ட்டி தலைமையில் வேன் வேனாக மஞ்சள் புடவைகள் வந்து இறங்கின. கையில் கேலன் கேலனாகப் பால். இது வீடு, கோயில் இல்லை என்று கிட்டுசாமி ஏழு மணி நேரம் ஃப்ரீவேயில் வந்தவர்களிடம் விளக்கிப் பார்த்தார். அதற்குள் சுவரெல்லாம் மஞ்சள் குங்குமம். ஆன்ட்டி ஏணியில் உச்சிக்கே ஏறிவிட்டார்.

"உள்ள நாகராஜா இருக்காராம்மா?"

"இல்லீங்க ஆன்ட்டி, நைட் ஷிஃப்ட் தூங்கறாங்க," என்றாள் வசந்தாமணி.

"யாரா இருந்தா என்ன, குளிரட்டும்," என்று ஆன்ட்டி கேனைக் கவிழ்த்தார்.

போச்சு என்று கிட்டுசாமி தலையில் கைவைத்தார். ஆனால் மண்சுவர் பாலைக் குடித்தது. பாலைவனக் காற்று சுவரை நக்கியது. பானைத் தண்ணீர் சில்லென்று ஆவது போலப் புற்றும் ஆயிற்று. தூங்கிக்கொண்டிருந்த ஒக்லஹோமாத் தொழிலாளர்கள் கண்ணைத் திறக்காமலே கம்பளி கேட்டார்கள். வசந்தாமணியின் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்தது. நிஜப் பாம்பு ஒன்று எட்டிப் பார்த்து, தாங்க முடியாமல் வெயிலுக்கே திரும்பிப் போனது.

பத்ரி பால் சொட்டச் சொட்ட வெளியே வந்தார். உதடு நீலம்.

"அங்கிள், ஸ்வெட்டர் ஏதாவது இருக்குமா?"

கம்பெனி அதையே அப்ரூவலாக எடுத்துக்கொண்டது. பால் புளிக்கும் என்பதால் சுவருக்கு மேல் தண்ணீர்க் குழாய் வைப்பதென்றும், வெள்ளிக்கிழமை மட்டும் பால் என்றும் ஆன்ட்டியோடு சமரசம் ஆயிற்று.

அன்று சாயங்காலம் வசந்தாமணி காலணியைக்கூடக் கழற்றாமல் படுத்து உறங்கிப்போனாள். கிட்டுசாமி அவற்றை மெல்லக் கழற்றி வைத்துவிட்டு, கதவோரம் நின்று அவள் குறட்டையைக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அதைக் குறை சொல்லாமல் அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

சத்தியம் செய்தாயிற்றே, இதையும் சொல்லிவிட வேண்டும்: வசந்தாமணி வேலை பார்ப்பது சுகர் லேண்டிலேயே ஒரு பல் டாக்டரிடம். பாலைவனத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை.