போனபடியே வந்த மணிமொழி

1989 தீபத்தன்று கிரிவலக் கூட்டத்தில் தொலைந்துபோன மணிமொழி, 2004 ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கெபி வாசலில் நாலு வயசாகவே நின்றிருந்தாள். கையிலிருந்த பொரி உருண்டை நமத்துக்கூடப் போகவில்லை.

அந்தோணியார் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கோ இத்தாலி தேசத்தில் கண்மூடிய துறவி. அண்ணாமலையார் ஊரில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால், காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற வேலை; அதற்கு இங்கே என்றைக்கும் கிராக்கிதான். வேட்டவலம் சாலையில் குகைபோலக் கட்டி அவர் சிலையை வைத்திருந்த அந்தச் சின்னக் கெபியில், செவ்வாய்க்கிழமையானால் திருநீறு பூசிய நெற்றிகள்தான் ஜாஸ்தி. தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் கொளுத்துவார்கள். கெபியைப் பார்த்துக்கொண்ட கோயில்பிள்ளை முதலில் முகம் சுளித்தார். பிறகு தேங்காய் ஓடு பொறுக்க ஒரு கூடை வாங்கி வைத்தார்.

பெற்றவள் ஆதிலட்சுமி, அடி அண்ணாமலைக்காரி. அவள் ஏறாத கோயில் இல்லை. புருஷன் சக்கரபாணி கொஞ்ச நாள் தேடினான். அலுத்துப்போய்க் கீழ்பென்னாத்தூரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டான், நாசமாய்ப் போனவன். பக்கத்து வீட்டு சந்திரம்மாள்தான் அவளைக் கெபிக்கு அழைத்துப்போனாள். சிலையின் கையில் ஒரு குழந்தை இருந்தது. பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறவருக்குத் தன் வயிற்றெரிச்சல் புரியும் என்று ஆதிலட்சுமி அங்கேயே விழுந்து அழுதாள்.

ஆனால் மற்றவர்களுக்கு அவர் கொடுத்த லட்சணத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தருமனின் சைக்கிள் துரு ஏறி வந்தது. வேணுவின் தம்பி பத்து வருஷம் கழித்துத் தாடியும் சாராய நாற்றமுமாக வந்து, பெற்ற தாயையே யாரென்று கேட்டான். தன் பெண்ணும் அப்படி வந்து நின்றால்? கத்தரிக்காய்க்காரியிடமே கறாராகப் பேசுகிறவள், சாமியிடமும் கறாராகக் கேட்டாள்: "எம்பொண்ணு போனது போனபடியே வரணும், சாமி. ஒரு முடிகூட மாறக் கூடாது."

மாறவில்லை. மாறியவள் இவள்தான், பாவி. அழுதழுது தலை வெளுத்து, முன்பல் இரண்டும் போய், நாற்பத்தொன்றிலேயே அறுபதாகத் தெரிந்தாள். ஓடிப்போய் அள்ளியவளின் கையிலிருந்து குழந்தை திமிறி இறங்கியது.

"உடு ஆயா! எங்கம்மா எங்க?"

"நாந்தான்டி உங்கம்மா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். குழந்தை வீறிட்டுக் கத்தியது. ஊர் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டுப் பழகிக்கொண்டது. ரேஷன் கார்டில் பேத்தி என்று ஏறியது; பள்ளிக்கூடத்திலும் அப்படியே.

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டு பேரும் கெபிக்குப் போகிறார்கள். "எங்கம்மா தொலஞ்சி போச்சி, கண்டுபுடிச்சிக் குடு" என்று மணிமொழி மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். அவள் கைக்கு எட்டாததால் ஆதிலட்சுமிதான் தூக்கிப் பிடிக்கிறாள். கேட்டதைக் கொடுக்கிற சாமி. என்றைக்காவது கறுத்த கூந்தலும் முழுப் பல்வரிசையுமாக இருபத்தாறு வயசு ஆதிலட்சுமி வாசலில் வந்து நிற்பாள். பிள்ளை ஓடிப்போய் அவள் இடுப்பில் ஏறிக்கொள்ளும். வந்தால் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் இவள் ஒரு ஆளுக்குக் கூடுதலாகச் சோறு பொங்குகிறாள்.