எரிந்த செவெலின் இன்ஜின்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு லோரன் லாரியும் ட்ரெய்லருமாக வந்து ஹாரன் அடித்தான். டோனட் பெட்டி டாஷ்போர்டின் மேல் இருந்தது. எனக்குப் பிடித்ததை அவன் தொடாமல் வைத்திருந்தான்.

"எங்கடா போறோம்? எரிஞ்ச செவெல் கார்னு மட்டும்தான் போன்ல சொன்ன."

"டர்க்கி க்ரீக் பக்கம். ப்ரூயிட்னு ஒரு பெரியவர். அவர் பையனோட கார். கதவு, பம்பர் ஏதாவது உனக்குத் தேறும்."

அவன் ரேடியோவைக் கூட்டினான்.

என்னிடமும் ஒரு செவெல் இருக்கிறது. எழுபதாம் வருட மாடல், கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. நான்கு வருடமாக இன்ஜின் இல்லாமல் கராஜில் நிற்கிறது. சிலிண்டர்களைக் கடைந்து தரச் சொல்லி இன்ஜினை லோரனின் பட்டறையில் விட்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டான். இன்ஜினின் இரும்பு உடலான பிளாக்கில் விரிசல், ஒன்றும் செய்ய முடியாது என்றான். டார்ச் அடித்துக் காட்டினான். உள்ளே மயிரிழை போல ஓடியது. அவன் கண் கலங்கியிருந்தது. நான்தான் தோளைத் தட்டினேன். அன்று இரவு அவனைச் சாப்பிடக் கூட்டிப்போனதும் நான்தான்.

இப்போது அதே வருடத்து இன்ஜின் ஒன்று கிடைத்தால் போதும், இந்தக் கோடையில் காரை ரோட்டில் இறக்கிவிடலாம். ஆனால் அது வேறொரு காரின் இன்ஜினாக இருக்கும். காரின் எண்தான் அதன் இன்ஜினிலும் பொறித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத காரைப் பழைய கார் பைத்தியங்களான எங்கள் ஆட்கள் மரியாதைக்கு ஒரு முறை பார்ப்பார்கள். பிறகு அடுத்த காருக்கு நகர்ந்துவிடுவார்கள்.

ப்ரூயிட்டின் வாசலில் லோரன் இறங்கவில்லை.

"முதுகு பிடிச்சிருக்கு. நீ போய்ப் பாரு."

பெரியவர் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தார்.

"பொணத்தப் பாக்க வந்தவரா? பூ எதுவும் கொண்டு வரலையா?"

"முதல்ல மூஞ்சியப் பாத்துக்கறேன்."

கார் களஞ்சியத்துக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. தீ டாஷ்போர்டில் பிடித்திருக்கிறது. சீட்டுகளில் சுருள்கம்பி மட்டும் மிச்சம். கூரை நடுவில் தொய்ந்திருந்தது. உருகிய கண்ணாடி கதவு விளிம்பில் உறைந்திருந்தது. முன்பக்கம் அவ்வளவு மோசமில்லை. பானட்டில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது, அவ்வளவுதான்.

"இன்ஜின் நல்லா ஓடுச்சா?"

"ஓடுச்சாவா? என் பையன் ரெண்டு கோடை இதுலதான் சர்ச்சுக்கு வந்தான். அவன் நிறுத்தி அணைக்கிற வரைக்கும் பாஸ்டர் பிரசங்கத்த ஆரம்பிக்க மாட்டாரு. வேற இன்ஜின் வாங்கி மாட்டியிருந்தான். எவன்கிட்ட வாங்கினான்னு எனக்குத் தெரியாது."

பின்னால் லாரிக் கதவு சாத்தும் சத்தம். லோரன் வேகமாக வந்தான்.

"டேய் வென்டெல், இதுல கதவு, பம்பர், பின் ஆக்சில் எல்லாம் எடுத்துக்கலாம். இன்ஜின் வேணாம். சூட்டுல வளைஞ்சிருக்கும்."

"இன்னும் பானட்டையே தெறக்கலையேடா. முதுகு சரியாயிடுச்சா?"

"சொல்றதக் கேளு."

"பாக்கறதுக்குக் காசு கேக்க மாட்டேன்பா" என்றார் ப்ரூயிட். கம்பியை விட்டு நெம்பி பானட்டை அவரே தூக்கினார்.

ரப்பர் குழாய்கள் உருகி வழிந்திருந்தன. கார்பரேட்டர் ஒரு வெள்ளிக் கட்டியாகியிருந்தது. அதற்கு அடியில் இரும்பு இரும்பாகவே இருந்தது.

எந்த இன்ஜினைப் பார்த்தாலும் நாங்கள் முதலில் ஒரே இடத்தைத்தான் துடைப்போம். வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பெருவிரல் அகலத்தில் ஒரு தட்டையான பரப்பு. எண் அங்கேதான் இருக்கும். பிளாக்கின் மேல்பரப்பைச் சீவும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். பல பட்டறைகளில் அப்படித்தான் போகிறது. லோரன் அந்த இடத்துக்கு முன்பாகவே கத்தியை நிறுத்திவிடுவான். "எண்ணை அழிக்கிறவன் கைய ஒடிக்கணும்" என்பான். அவன் வேலை செய்த பிளாக்கில் அங்கே மட்டும் ஒரு சின்னப் படி தெரியும்.

கரியைச் சுரண்டினேன். படி இருந்தது.

"வென்டெல், போதும்."

துணியில் கெரசினை ஊற்றித் துடைத்தேன். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. மனைவியின் போன் நம்பரை நான் பார்த்துத்தான் சொல்வேன். இதைப் பார்க்க வேண்டியதில்லை. இருந்தும் இரண்டு முறை படித்தேன். தப்பு இல்லை. என் காரின் எண்தான்.

அன்று பட்டறையில் அவன் டார்ச் அடித்தபோது அந்த இடமும் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. முன்பின் தெரியாதவன் காட்டியிருந்தால் துடைத்துப் பார்த்திருப்பேன். காட்டியது லோரன். எதற்குத் துடைக்க வேண்டும்?

"என்னப்பா, உள்ள பேய் எதுவும் இருக்கா?" என்றார் ப்ரூயிட்.

உழுதுபோட்ட வயலைப் பார்த்துக்கொண்டு நின்றான் லோரன். மீசையில் டோனட் சர்க்கரை ஒட்டியிருந்தது. நான் துணியை மடித்து ரேடியேட்டர் மேல் வைத்தேன்.

"அன்னிக்கு நீ டார்ச் அடிச்சுக் காட்டினியே லோரன், அது யாரோட இன்ஜின்?"