கேட்காத வேலை

அவனுக்குப் பூச்சு என்று பெயர் வைத்தது நண்பர்கள்தான். வார நாட்களில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் கரண்டியும் சிமெண்டுமாகக் கிளம்பிவிடுவான். சுவரில் எறும்பு போகிற சந்து தெரிந்தால்கூட அதை அடைக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. கூட இரண்டு பேர். பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதனான எலக்ட்ரீஷியன் ஒருவன். யார் வீட்டில் என்ன உதவி தேவை என்று விசாரித்து வருகிற டீச்சர் ஒருத்தி. முடியாதவர்கள் வீட்டுக்குப் போய்க் காசு வாங்காமல் பழுது பார்ப்பார்கள். அந்த வட்டாரத்தில் அவர்களைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொல்ல ஆள் கிடையாது. அடுத்தவருக்கு நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பும் ஒரு போதைதான். பூச்சுவுக்கு அது நன்றாகவே ஏறியிருந்தது.

குளிர்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீட்டுக்குப் போனார்கள். மனிதர் படுத்த படுக்கை. மகள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டு அவரைக் கவனித்துவந்தாள். மகன் வேறு ஊரிலிருந்து போனில் பாசம் காட்டுகிற ரகம். சுவிட்சு வேலை செய்யவில்லை, ஜன்னல் சரியாக மூடவில்லை. மகள் சொன்னது அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் சுவிட்சை மாற்றினான். டீச்சர் ஜன்னல் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினாள். பூச்சுவின் கண் சும்மா இருக்குமா? பெரியவர் படுத்திருந்த அறையில், பீரோவுக்கு மேலே, கூரையை ஒட்டி, வேலை தெரிந்தவன் கண்ணுக்கு மட்டும் படுகிற மாதிரி, கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. பாவம், இது வழியாகத்தானே குளிர் இறங்குகிறது என்று ஏணி போட்டு ஏறினான். கல் வைத்து அடைத்து, வழவழவென்று பூசி, வெள்ளையும் அடித்துவிட்டு இறங்கினான். யாரும் கேட்கவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக் காட்டுவது அவனுக்குப் பிடிக்காது.

அந்த வாரமே குளிர் கடுமையானது. மகள் கேஸ் ஹீட்டரை ஏற்றி, ஜன்னலைச் சாத்தி, அப்பாவுக்குப் போர்த்திவிட்டு வேலைக்குப் போனாள். காலையில் வந்து எழுப்பினால் அவர் எழுந்திருக்கவில்லை. எரிந்த வாயு வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே தங்கி, தூக்கத்திலேயே ஆளை முடித்திருந்தது. பார்க்க வந்த அதிகாரி, பழைய ஹீட்டர், அடைத்த அறை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஹீட்டரைக் குறைந்த விலைக்குப் பழசாக வாங்கி வந்தவள் மகள். ஜன்னலைச் சாத்தியவளும் அவளே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அப்பனைத் தொல்லை என்று தொலைத்துவிட்டாள் என்றே பேச ஆரம்பித்தார்கள்.

எலக்ட்ரீஷியன் நேரே தபால் நிலையத்துக்கு வந்து பூச்சுவை வெளியே இழுத்துப் போனான்.

"டேய், அந்த ரூம்ல பீரோவுக்கு மேல காத்து போற ஓட்டை ஒண்ணு இருந்துச்சே. அதை என்னடா பண்ணினே?"

"அடைச்சுட்டேன்."

"அடப்பாவி!"

பூச்சு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"வாயைத் திறந்துடாதே. நுணலும் தன் வாயால கெடும்னு சொல்வாங்க. இது வெளிய தெரிஞ்சா ஒரு வீட்டுக்குள்ளயும் நம்மள விடமாட்டாங்க. எத்தனை பேர் நம்மள நம்பிக் கிடக்கறாங்க, யோசிச்சுப் பாரு."

"அந்தப் பொண்ணு தலையில பழி விழுந்திருக்கேடா."

"ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க."

அடக்கம் முடிந்த மறுநாள் மூவரும் துக்கம் விசாரிக்கப் போனார்கள். டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே சொந்தக்காரர்கள் கூடியிருக்க, அப்பா படுத்திருந்த அறையின் நடுவில் நின்று மகன் கத்திக்கொண்டிருந்தான். தங்கை பீரோவில் சாய்ந்து, மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"கொன்னுட்டு இங்கயே குடியிருக்கலாம்னு பாக்கறியா? இனி உன் மூஞ்சியில முழிக்கறதே பாவம். கிளம்பு!"

அவள் தலையாட்டிவிட்டுப் பையின் வாயைக் கட்டினாள். அதைப் பூச்சுவால் தாங்க முடியவில்லை.

"அவங்க ஒண்ணும் பண்ணலைங்க. நான்தான்," என்றான். "மேல ஒரு காத்து வழி இருந்துச்சு. தெரியாம அதை அடைச்சுட்டேன். அதனாலதான் உங்க அப்பா செத்தார்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெள்ளைச் சுவர், ஒரு கீறல் இல்லை. அவன் பூசினால் அப்படித்தான் இருக்கும்.

மகன் எலக்ட்ரீஷியனிடம் கேட்டான். "அங்க ஓட்டை இருந்துச்சா சார்?"

எலக்ட்ரீஷியன் பூச்சுவைப் பார்க்கவே இல்லை. "இல்லைங்க. நானும்தானே அன்னைக்கு இருந்தேன். இவன் இளகின மனசுக்காரன், யார் அழுதாலும் தாங்கமாட்டான்."

"பொய் சொல்றான்!" என்று பூச்சு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, நகத்தாலேயே சுவரைப் பறண்டினான். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இறக்கினார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முதுகைத் தடவினாள்.

"போதும் சார். அவளுக்காக நீங்க ஏன் பழி சுமக்கணும்?" என்றான் மகன். சத்தமெல்லாம் தணிந்து மரியாதையாகப் பேசினான். "உங்களை மாதிரி நாலு பேர் இருக்கறதாலதான் இன்னும் மழை பெய்யுது."

சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். பூச்சு மகளைப் பார்த்தான். நீயாவது நம்பு தாயே என்று நெஞ்சு கெஞ்சியது.

அவள் பையோடு எழுந்து அவன் எதிரே வந்து நின்று கை கூப்பினாள்.

"எனக்காகப் பேச நீங்க ஒருத்தராவது இருந்தீங்களே, அதுவே போதும் அண்ணா. ஆனா பொய் வேண்டாம். ஜன்னலைச் சாத்தினது நான்தானே."