மாடி வீட்டுக் கடல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கடல், மீன், தண்ணீரின் தரம் என்று நடுவில் நிறைய வரும். அதையெல்லாம் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மாடி வீட்டு ஜாக்குலினைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

நேற்று மாலை அவளிடம் ஒரு பொய் சொன்னேன். இப்போது ஞாயிறு காலை பத்தரை மணி. அவள் சர்ச்சுக்குப் போயிருக்கிறாள். திரும்புவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

“பூஞ்சேரியில் தாமோதரன் என்று ஒருவன் இருந்தான். அடுத்தவர் நன்றாக இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. ஒருநாள் அவன்...”

நிறுத்திவிட்டேன். தாமோதரனுக்கு மீசை வைத்தேன், குடிப்பழக்கம் வைத்தேன், என்னைவிடப் பத்து வயது கூட்டினேன். என்ன செய்தும் மூன்றாவது பத்தியில் என் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டான். தாமோதரன் போகட்டும். நான்தான்.

3

என் வேலை தண்ணீரை அளப்பது. அலுவலகத்தில் தினமும் எட்டு மணி நேரம், குழாய்த் தண்ணீரில் எது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்து எழுதி வைப்பேன். (கதை எழுதுவது வீட்டில். அங்கே இத்தனை துல்லியம் கிடையாது.)

இரண்டு மாதத்துக்கு முன் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். புதுத் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது. முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும். இரண்டையும் தின்கிற பாக்டீரியா வளர்ந்த பிறகுதான் மீன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் காலையும் மாலையும் சோதித்து, நோட்டில் குறித்து, மீனில்லாத தொட்டிக்கு விளக்குப் போட்டுக் காத்திருந்தேன். இன்னும் காத்திருக்கிறேன்.

ஜாக்குலின் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் தொட்டியைப் பார்த்துத்தான் அவளுக்கும் ஆசை வந்தது. புத்தகம் எதுவும் வாங்கவில்லை. திருப்போரூர் மீன் கடைக்காரரிடம் போய், “எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்களே சொல்லுங்க” என்றிருக்கிறாள். அவர் ஆறு வருடத் தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்சைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் இரண்டு மாதமாக வளர்க்கும் பாக்டீரியா அதில் குடும்பத்தோடு குடியிருந்தது. பத்தாம் நாள் அவள் தொட்டியில் ஒரு ஜோடி க்ளவுன் மீன். ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை. மாப்ள, பொண்ணு என்று பெயர்.

கேட்டிருந்தால் அந்த ஸ்பாஞ்சு எனக்கும் கிடைத்திருக்கும். எனக்குக் கேட்க வராது.

என் மனைவி வரலட்சுமி தினமும் காபி டம்ளரோடு மாடிக்குப் போய்விடுகிறாள்.

“நம்ம வீட்டுலயும் தொட்டி இருக்கு” என்றேன் ஒருநாள்.

“அங்க மீன் இருக்குங்க. இங்க தண்ணிதானே இருக்கு” என்றாள்.

4

இனி குற்றம்.

ஜாக்குலினின் தம்பி மோசஸ் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து பைக்கில் ஒரு கேன் கடல்தண்ணீர் கொண்டு வருகிறான். தொட்டியில் குறைகிற தண்ணீருக்கு அவள் அதைத்தான் ஊற்றுகிறாள். கடல் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது, காசா பணமா? உள்ளூர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கோயம்புத்தூர்க்காரன் செய்ய நினைத்தாலும் முடியாது.*

(* ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். கடல்தண்ணீரையே ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறும். இந்த அடிக்குறிப்பைப் பன்னிரண்டு நாளுக்கு முன் மாடிப்படியில் வாயால் சொல்லியிருக்கலாம். கேன் என்னைத் தாண்டித்தான் மேலே போனது. கேட்கவில்லையே, நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.)

நேற்று அவள் கேட்டாள். டியூட்டி முடிந்து வந்தவள், சேலைகூட மாற்றாமல் ஒரு பாட்டிலோடு கதவைத் தட்டினாள்.

“அண்ணா, இத்த கொஞ்சம் பாருங்கண்ணா. ரெண்டும் மேலயே வந்து வாயத் தொறந்துகினு கீது. தீனி போட்டாலும் துன்ன மாட்டேங்குது.”

உப்பு அளக்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். முப்பத்தைந்து காட்ட வேண்டிய இடத்தில் நாற்பது.

“இன்னாண்ணா சொல்லுது?”

“சரியாத்தான் இருக்கு.”

“அப்பாடா. பயந்தே பூட்டேன். நீங்க பாத்தா கரெக்டா இருக்கும்ணா.”

படியேறிப் போனாள். எனக்கு என்ன தோன்றியது என்று எழுத வேண்டும். “அவன் மனம் கனத்தது” என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். கனக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

5

முடிவு ஒன்று: செவ்வாய்க்கிழமை பொண்ணு செத்து மிதக்கிறது, புதன்கிழமை மாப்ள. ஜாக்குலின் தன் கைராசியை நொந்துகொள்கிறாள். நான் ஆறுதல் சொல்கிறேன். வரலட்சுமி காபி டம்ளரோடு எங்கள் தொட்டிக்கு முன்னால் வந்து உட்காருகிறாள். (கதையாக இதுதான் நல்ல முடிவு. இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இதுதான்.)

முடிவு இரண்டு: நான் போய்ச் சொல்கிறேன். மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைக்கிறோம். மீன் பிழைக்கிறது. அவள் தெருவெல்லாம் என்னைப் புகழ்கிறாள். என் தொட்டி காலியாகவே இருக்கிறது. இதை எழுதும்போதே எரிகிறது.

முடிவு மூன்று: அதற்குள் கடைக்காரர் வந்து பார்த்து

இல்லை. அது தப்பிக்கும் வழி.

நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நான் எழுதத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு முடிவாக உங்களிடம் காட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரம் முழுக்க அவை இரண்டும் மேலே வாயைத் திறந்துகொண்டிருக்கின்றன. கதையில் அல்ல, என் தலைக்கு நேர் மேலே.

6

கேட் சத்தம். வந்துவிட்டாள். படியேறுகிறாள்.

இப்போது அவள் நாற்காலியை இழுப்பாள். குள்ளமானவள், நாற்காலியில் ஏறித்தான் தொட்டியில் ஊற்றுவாள். தினமும் எனக்குக் கேட்கிற சத்தம்தான். இன்றைக்கும் ஒன்றரை லிட்டர் கடல். ஏனென்றால் நேற்று நான் சரியாக இருக்கிறது என்று

நாற்காலி.

குடிதண்ணீர்க் கேனைத் தூக்கிவிட்டேன். இதை நின்றபடி ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். மேலே போவது உறுதி. “ஊத்தாதே” என்று கத்தப்போவதும் உறுதி. அதற்கப்புறம் அவள் திரும்பிப் பார்த்து, “இன்னாண்ணா ஆச்சு?” என்று கேட்பாள். அதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன.

“நேத்து கருவி தப்பாக் காட்டிடுச்சும்மா.”

“நேத்து நான் பொய் சொல்லிட்டேம்மா.”

முதல் பதிலைச் சொன்னால் அவள் என்னை இன்னும் அண்ணா என்பாள். படி பதினெட்டு. அதற்குள் நான் முடிவு செய்ய மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். என்னைப் பற்றி உங்களுக்கு இப்போது என்ன தோன்றுகிறதோ, அதற்கேற்ற பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.

(                                        )